கை முறிந்து வீட்டில் இருப்பவரின் பேரை வெட்ட முடியுமா? சங்கம் இதற்கு வருமா?

2025 ஜூன் 3, கேள்வி

அம்மாவுக்கு 51 வயது. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். ஏப்ரலில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டு அவிழ்த்தாயிற்று, ஆனால் கை இன்னும் சரியாக மடங்கவில்லை. "ஜூலை ஒன்றாம் திகதி வேலைக்கு வரவேண்டும், வராவிட்டால் பேர் வெட்டுவோம். இல்லையென்றால் விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுத்துக்கொள்" என்று ஆபீசில் சொல்கிறார்கள். பேர் வெட்டுவது என்றால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் இருந்து பேரை எடுத்துவிடுவது. இருபத்தைந்து வருஷமாகச் சம்பளத்தில் சந்தா பிடித்திருக்கிறார்கள். சம்பளப் பேச்சுக்கு வருவதைத் தவிர, இப்படியான விஷயத்துக்குச் சங்கம் ஏதாவது செய்யுமா? நான் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறேன். அடிக்கடி லீவு கிடைக்காது.

2025 ஜூன் 3, இரவு

தம்பி, அம்மா எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். வெற்றுத் தாளில் வேண்டவே வேண்டாம். இன்றைக்கே ஃபோன் பண்ணிச் சொல்லுங்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

2025 ஜூன் 4

பதினேழு வருஷம் ஒரு தோட்டத்தில் சங்கக் கமிட்டித் தலைவராக இருந்தவன் நான். இப்போது மகளோடு ஹட்டனில் இருக்கிறேன். எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இந்த விஷயத்தில் எல்லாச் சங்கத்துக்கும் கடமை ஒன்றுதான்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: சங்கம் செய்ய முடியும், செய்யவும் வேண்டும். ஆனால் தானாக வராது, கூப்பிட வேண்டும். தோட்டத்தில் உள்ள சங்கத் தலைவரிடம் வாய்ப்பேச்சாகச் சொன்னால் அது கோயில் திருவிழாக் கணக்கோடு சேர்ந்து மறந்துபோகும். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, அவர் கையில் ஒரு பிரதி, ஹட்டனில் இருக்கும் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தில் ஒரு பிரதி. கொடுத்த திகதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்தை வைத்துச் சங்கம் பெரிய துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) எழுத வேண்டியது சுருக்கமாக இவ்வளவுதான்: இந்த அங்கத்தவர் வேலையை விட்டுப் போகவில்லை, வைத்தியச் சான்றிதழோடு லீவில் இருக்கிறார், குணமானதும் திரும்புவார், செக்ரோலில் பேர் இருக்க வேண்டும். இந்த நாலு வரி ஆபீஸ் ஃபைலில் ஏறிவிட்டால், பிறகு "அவரே வராமல் நின்றுவிட்டார்" என்று சொல்ல வாய் வராது. தோட்டங்களில் பேர் வெட்டுவது பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. வேலை நீக்கம் என்று எழுத மாட்டார்கள், தானே விலகினார் என்று எழுதுவார்கள். ஏனென்றால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். கை முறிந்தது ஒழுக்காற்றுக் குற்றம் இல்லையே. அதனால்தான் அம்மாவிடம் "எழுதிக் கொடு" என்கிறார்கள். அந்தத் தாள்தான் அவர்களுக்குத் தேவை.

அதையும் மீறிப் பேரை வெட்டினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும். அம்மாவின் சார்பில் சங்கமே அங்கே மனுப்போடலாம். அங்கே வரைக்கும் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் நல்ல சங்கத்துக்கு அழகு. வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், அதற்குள் அடுப்பு எரிய வேண்டும்.

2025 ஜூன் 4, மாலை

ஈபிஎஃப் பற்றி எழுத மறந்துவிட்டேன். பெண்களுக்கு 50 வயதில் வேலையை விட்டால் அந்தக் காசை எடுக்கலாம் என்பது உண்மைதான். அதைக் காட்டித்தான் ஆசை மூட்டுகிறார்கள். ஆனால் 50இல் எடுக்கலாம் என்பதற்கு 50இல் போக வேண்டும் என்று அர்த்தம் இல்லை. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஓய்வு வயதைக் குறைந்தது 60 என்று வைத்திருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது.

சேவைக்காலக் கொடுப்பனவையும் பாருங்கள். நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்குப் பதினாலு நாள் சம்பளம். இருபத்தைந்து வருஷத்துக்கு 350 நாள். 2025இல் இருந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் 4,72,500. பெரிய தொகையாகத் தெரியும். அது எங்கேயும் ஓடிப்போகாது. 60இல் போனாலும் கிடைக்கும், அன்றைய சம்பளத்தில், கூடுதல் வருஷங்களோடு கிடைக்கும். இதை அம்மாவிடம் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். "மொத்தமாகக் காசு வருது" என்ற வார்த்தையில்தான் நம்மவர்கள் பலர் விழுந்தார்கள்.

2025 ஜூன் 6

கொழுந்து எடுக்கும்போது மலையில் விழுந்தார் என்றே நினைத்துக்கொண்டு எழுதினேன். நேற்று ஃபோனில் பேசியபோதுதான் தெரிந்தது, காலையில் பெரட்டுக்கு (ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகும் வழியில் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) கீழே உள்ள படியில் வழுக்கி விழுந்திருக்கிறார். மழை, பாசி. ஆபீசில் "வேலையில் விழவில்லை, வழியில்தான் விழுந்தாய், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் தலைவராக இருந்த காலத்தில் அந்தப் பதிலோடு நாங்களும் திரும்பி வந்திருப்போம். இப்போது அப்படி இல்லை. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இல் வந்தது. 2022இல் அதைத் திருத்தி, வேலைக்குப் போகும் வரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்திருக்கிறார்கள். லயத்துக்கும் பெரட்டுக்களத்துக்கும் நடுவில் உள்ள படி வேலைக்குப் போகும் வழி இல்லாமல் வேறு எது? தலைவருக்கு இந்தத் திருத்தம் தெரியாமல் இருக்கலாம், கோபிக்க வேண்டாம். மாவட்டக் காரியாலயத்தில் கேட்டால் தெரிந்தவர் இருப்பார்.

அன்றைக்குக் கூட வந்த பெண்கள் இரண்டு பேரின் பெயர், எத்தனை மணி, எந்தப் படி, யார் தூக்கி விட்டது, எந்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனார், எல்லாவற்றையும் இப்போதே எழுதி வையுங்கள். ஆறு மாதம் போனால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

2025 ஜூன் 8, ஞாயிறு

இரண்டு நாளாக மனசு சரியில்லை. நட்டஈட்டைப் பற்றி எழுதியதும் பழைய விஷயம் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் உங்களுக்கு ஆலோசனை சொல்வது நியாயமில்லை.

2009இல் எங்கள் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ரோலரைத் துடைக்கும்போது ஒருவருக்கு வலது கையில் மூன்று விரல் போனது. முப்பத்திரண்டு வயது. நான் ஓடாத ஓட்டமில்லை. எந்த உறுப்புப் போனால் எத்தனை வீதம் என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பார்த்து, படிவம் நிரப்பி, கொழும்புக்கு மூன்று தரம் போய், கடைசியில் காசு வந்தது. தோட்டமே என்னைப் பாராட்டியது. நானும் காரியம் முடிந்ததென்று நினைத்தேன்.

அந்தக் காசில் பாதி கடனுக்குப் போனது, மீதி தங்கச்சி கல்யாணத்துக்கு. இதற்குள் ஸ்டோரில் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். "நட்டஈடு வாங்கிவிட்டாரே, இனி என்ன வேலை" என்று ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் கேட்டார். நானும் பதில் பேசவில்லை. நட்டஈடு போன விரலுக்கு, வேலை அவருடைய வேலை, ஒன்றை வாங்கியதால் மற்றது போகாது என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. இரண்டு விரலும் நல்ல இடது கையும் உள்ள ஒருவர் கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுவை எழுதலாம், கேட்டில் நிற்கலாம், வாடும் தட்டைப் பார்த்துக்கொள்ளலாம். நான் ஒரு நாளாவது போய்க் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்றே இன்றைக்கு நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. அவர் கொழும்புக்குக் காவல் வேலைக்குப் போனார், அங்கேயும் நிலைக்கவில்லை. எப்போதாவது ஹட்டன் பஸ் நிலையத்தில் காண்பேன். என்னைக் கண்டால் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு "தலைவரே" என்பார். அந்தக் கூப்பிடல் எனக்குத் தாங்காது.

நட்டஈட்டுக்கு எழுதுங்கள். ஆனால் முதல் கடிதம் வேலைக்கு. இரண்டாவதுதான் காசுக்கு.

2025 ஜூன் 9

இன்னொருவர் கேட்டிருந்தார்: வேலை போனால் போகட்டும், மகன் கொழும்பில் உழைக்கிறான், அம்மா வீட்டில் இருந்தால் என்ன?

எந்த வீட்டில்? லயத்துக் காம்பரா தோட்டத்தின் சொத்து. வீட்டில் ஒருவர் பேரில் இருக்கும் வரைக்கும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கடைசிப் பேரும் வெட்டுப்பட்டால் கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று சொல்லக்கூடத் தைரியம் வராது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களின் கதை வேறு, அவர்கள் கொஞ்சம் பேர்தான். டவுனில் ஒருவருக்கு வேலை போனால் சம்பளம் போகும். இங்கே சம்பளத்தோடு வீடு, வீட்டுக்குப் பின்னால் போட்ட மரக்கறிப் பாத்தி, மாட்டுப் பட்டி எல்லாம் ஆடும். அதனால்தான் நான் பேர், பேர் என்று அடித்துக்கொள்கிறேன்.

2025 ஜூன் 13

"சங்கங்கள் சந்தா வாங்கத்தான் இருக்கின்றன" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2021இல் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாய் என்று தீர்மானித்தபோது கம்பனிகள் கூட்டு ஒப்பந்தம் இனி இல்லை என்று சொல்லிவிட்டன. அதற்கு முந்தி தலைவர் துரையிடம் போனால் மேசையில் வைக்க அந்த ஒப்பந்தப் புத்தகம் இருந்தது. அந்தப் புத்தகம் போன பிறகு தலைவர்மாரின் குரலும் இறங்கிவிட்டது. சிலர் அரசியலோடு போய்விட்டார்கள். எல்லாம் உண்மை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் தொடங்கியபோது நம் ஆட்களுக்குப் பெரிய பயம் எது? பேர் வெட்டுத்தான். துரைக்கோ கங்காணிக்கோ பிடிக்கவில்லையென்றால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டு இறந்தார், அந்தப் போராட்டம் சம்பளத்துக்கு. அதைப் பற்றி மேடையில் பேசுகிறோம், பேச வேண்டும். பெரட்டுக்களத்தில் ஒரு பேரைக் காப்பாற்றிய தலைவரைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. அப்படியானவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள்.

2025 ஜூன் 14

அப்படி ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இது என் கதை இல்லை, எங்கள் சங்கத்து மாதர் தலைவியின் கதை.

2014 இருக்கும். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டியது. ஆறேழு பேர் ஆஸ்பத்திரியில். ஐந்து பேர் மறுவாரமே வந்துவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் வீக்கம் வற்றியும் வரவில்லை. கங்காணி "சும்மா சாட்டு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாதர் தலைவி அந்தக் காம்பராவுக்குப் போய் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். வந்து என்னிடம் சொன்னது: "அண்ணே, அவளுக்கு மேலுக்கு ஒண்ணும் இல்ல. அந்த மலைய நெனச்சா கை நடுங்குது."

அடுத்த நாள் காலை பெரட்டில் நடந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பனி விலகவில்லை. பெண்கள் படங்கைக் கட்டிக்கொண்டு, கூடைக் கயிற்றைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். மாதர் தலைவி அந்தப் பெண்ணைக் கையில் பிடித்துக் கூட்டி வந்து வரிசையில் நிறுத்தினார். கணக்குப்பிள்ளையிடம் போய் மெதுவாகச் சொன்னார்: இவளை ரெண்டு கிழமைக்கு ரோட்டோர மலையில் போடுங்க, இவ அக்கா பக்கத்து நிரையில் நிக்கட்டும். கணக்குப்பிள்ளை ஒரு நிமிஷம் யோசித்தார், சரி என்று தலையாட்டினார். செலவு ஒரு சதம் இல்லை, சட்டமும் இல்லை. மூன்றாவது கிழமை அந்தப் பெண் தானாகவே பழைய மலைக்குப் போனார்.

சங்கத்தின் வேலை என்று யாராவது என்னைக் கேட்டால் எனக்கு முதலில் வருவது அந்தக் காலைதான்.

2025 ஜூன் 17

அக்கா மகன் கனடாவில், டொரொண்டோப் பக்கம் ஒரு பண்டகசாலையில் வேலை. முதுகு பிடித்து மூன்று மாதம் வீட்டில் இருந்தவன். நேற்றுப் பேசும்போது இதைச் சொன்னேன். அவன் சொன்னதைக் கேட்டு, ஜூன் 4இல் நான் எழுதியதில் ஒரு முக்கியமான ஓட்டை இருப்பது தெரிந்தது.

அவனுக்கு வேலைக்குத் திரும்பும் முன் ஒரு கூட்டம். கம்பனி ஆள் ஒருவர், சங்கப் பிரதிநிதி ஒருவர், இவன். மேசையில் வைத்தியர் நிரப்பிய படிவம்: எத்தனை கிலோ தூக்கலாம், எத்தனை நேரம் நிற்கலாம், குனியலாமா, எந்தத் திகதி வரை. அதைப் பார்த்து எந்த வேலை கொடுப்பது என்று அங்கேயே முடிவு. அங்கே ஒரு தீர்ப்பும் இருக்கிறது. 1992இல் கனடா உச்ச நீதிமன்றம், ஊழியரின் நிலைக்கு ஏற்ப வேலையை அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு முதலாளியோடு சங்கத்துக்கும் உண்டு என்று சொன்னது. அந்த வழக்கு வழிபாட்டு நாளில் வேலை செய்ய மறுத்த ஒருவருடையது. பிறகு நோய், காயம் எல்லாவற்றுக்கும் அதையே பின்பற்றுகிறார்கள். சங்கம் "எங்கள் ஒப்பந்தத்தில் இடமில்லை" என்று கையை விரிக்க முடியாது.

நம்மிடம் அந்தச் சட்டம் இல்லை. ஆனால் படிவத்தை நாமே உண்டாக்கலாம். நம் வைத்தியர்கள் துண்டில் எழுதுவது இரண்டே வார்த்தை: இலகுவான வேலை. அதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனால் "தோட்டத்தில் இலகுவான வேலை எங்கே இருக்கிறது" என்ற பதில்தான் வரும். நான் எத்தனையோ தரம் கேட்ட பதில் அது. அதனால் அம்மா அடுத்த முறை கிளினிக்குப் போகும்போது வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்கட்டும்: வலது கையால் எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, மணிக்கட்டைத் திருப்பும் வேலை எத்தனை கிழமைக்குக் கூடாது, மறுபடி எப்போது பார்க்க வேண்டும். கொழுந்து எடுப்பது என்றால் என்ன என்று வைத்தியருக்குக் கையால் செய்தே காட்டச் சொல்லுங்கள். விரலால் கிள்ளுவது, மணிக்கட்டைச் சுழற்றுவது, கைப்பிடியை முதுகுப் பக்கம் கூடைக்குள் எறிவது. நாளைக்கு ஆயிரக்கணக்கான தரம். பார்த்தால் அவரே எழுதுவார்.

பிறகு தலைவர் துரையிடம் போய் "இலகுவான வேலை கொடுங்கள்" என்று கேட்கக்கூடாது. வேலையின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். நாற்றுமேடையில் தண்ணீர் ஊற்றுவது, களை பிடுங்குவது. பிள்ளைக் காம்பராவில் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) உதவி. கொழுந்து மடுவத்தில் கூட்டுவது. அந்தத் தோட்டத்தில் இப்போது எது ஆள் குறைவாக இருக்கிறது என்று தலைவருக்குத் தெரியும், உங்களுக்கும் எனக்கும் தெரியாது. சங்கம் இதற்குத் தேவைப்படுவது அதனால்தான்.

2025 ஜூன் 18

ஒரு சகோதரி பிரசவ லீவு முடிந்து திரும்புவதைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அதுவும் வேலைக்குத் திரும்புவதுதான், ஆனால் யாரும் அப்படி நினைப்பதில்லை. 84 நாள் லீவு, 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் அதே. திரும்பிய பிறகு பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை, பிள்ளைக் காம்பரா இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. மலை தூரமாக இருந்தால் போய்வரவே அந்த நேரம் போய்விடும். பால் கொடுக்கும் தாய்மாரைக் கிட்ட உள்ள மலையில் போடும்படி மாதர் தலைவி கேட்கட்டும்.

2025 ஜூன் 29

தம்பி எழுதியிருக்கிறார். சங்கக் கடிதம் 20ஆம் திகதி ஆபீசுக்குப் போனது. வைத்தியர் ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். முதலில் மாட்டேன் என்ற துரை, தலைவரும் மாவட்டப் பிரதிநிதியும் சேர்ந்து போனபோது நாற்றுமேடைக்குச் சம்மதித்தாராம், ஆறு கிழமைக்கு. வாய்ப்பேச்சில்.

வாய்ப்பேச்சை விடாதீர்கள். அன்றைக்கே தலைவர் ஒரு கடிதம் அனுப்பட்டும்: இன்றைய பேச்சில் இணங்கியபடி, இன்ன திகதியில் இருந்து இன்ன வேலை, முழுப்பேர். "முழுப்பேர்" என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டிருப்பார்கள். பிறகு கொழுந்துக்குத் திரும்பும்போதும் முதல் மாதத்துக்கு எத்தனை கிலோ என்று இப்போதே பேசி வைக்க வேண்டும். முறிந்து கூடிய கைக்கு முதல் நாளே மற்றவர்களின் கிலோவைக் கேட்டால் வலி தாங்காமல் அவரே நின்றுவிடுவார். அப்போது மறுபடியும் "தானே விலகினார்".

2025 ஜூலை 19

அம்மா பதினெட்டு நாளாக வேலைக்குப் போகிறார். செக்ரோலில் இரண்டு நாள் அரைப்பேர் விழுந்திருந்ததாம். தலைவர் கடிதத்தின் பிரதியைக் காட்டிக் கணக்குப்பிள்ளையிடம் திருத்தி வாங்கியிருக்கிறார். அந்தத் தலைவருக்கு வயது முப்பதுதான் என்று கேள்விப்பட்டேன். தம்பி, அவரிடம் என் நம்பரைக் கொடுங்கள்.

இனி இரண்டு விஷயம். கைப்பயிற்சிக்கு வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றீர்கள், அந்த நாளுக்குப் பேர் உண்டா என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 14 கிளினிக்கில் துண்டைப் புதுப்பிக்க வேண்டும், ஆறு கிழமை அந்த வாரத்தில் முடிகிறது. கிளினிக் முடிந்ததும் அன்றைக்கே ஒரு பிரதி ஆபீசுக்கு. நட்டஈட்டுப் படிவத்தை ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம். அம்மாவும் வந்தால் நல்லது. மதியச் சாப்பாடு இங்கேயே.